கூடத்தில் ஒரு பெரிய திரை!

ஆடி பிறந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். கூடவே 'ஆடித் தள்ளுபடி' விளம்பரமும் வந்துவிடுகிறது. ஆயுத பூஜைக்கு ஒரு சலுகை, தீபாவளிக்கு இன்னொன்று, பொங்கலுக்கு மற்றொன்று. அந்த நாட்களில் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் செய்தியே இருப்பதில்லை. பக்கம் முழுக்க ஒரு பெரிய தட்டை டி.வி.தான் சிரிக்கிறது!

அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் சொல்லியிருப்பான்: "அம்மா, நம்ம வீட்லதான் இன்னும் 32 இன்ச். என் ஃப்ரெண்ட் வீட்ல 65!" கணவரும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடியே, "நானும் வாங்கிடலாம்னுதான் நினைக்கிறேன்" என்பார். கடைசியில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள், தோழியரே?

'கோயில், விரதம், பூஜை என்று பேசுகிற இடத்தில் டி.வி. பேச்சு எதற்கு?' என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. கோயிலுக்கு வாரத்தில் ஒரு நாள் போகிறோம். பூஜையறையில் அரைமணி நேரம் இருக்கிறோம். மீதி நேரமெல்லாம் கூடத்திலும் சமையலறையிலும்தான் கழிகிறது. இல்லறத்தை ஒரு தர்மம் என்றே நம் பெரியோர் வைத்தார்கள். அந்த தர்மம் நடப்பதும் தடுமாறுவதும் இந்தக் கூடத்தில்தானே! ஆகவே, கூடத்துச் சுவரில் எதை மாட்டுவது என்பதும் தர்மத்தைச் சேர்ந்த கேள்விதான்.

ஆசைப்படுவது குற்றமா?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். பெரிய டி.வி.க்கு ஆசைப்படுவது பாவம் அல்ல. வாழ்க்கையின் பேறுகள் நான்கு என்று சொன்ன நம் முன்னோர், அறத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பொருளையும் இன்பத்தையும் வைத்தார்கள். இல்லறத்தானைக் காவி கட்டச் சொல்லவில்லை. பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் தியானத்தைப் பற்றிப் பேசும்போதுகூட, உணவும் பொழுதுபோக்கும் உறக்கமும் அளவோடு இருக்க வேண்டும் என்றுதான் கண்ணன் சொல்கிறான். 'அறவே கூடாது' என்று சொல்லவில்லை. பொழுதுபோக்குக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. அதற்கு ஓர் அளவும் இருக்கிறது.

கலையைக் கண்ணால் கண்டு மகிழ்வதும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். மாதவி ஆடிய அரங்குக்கு அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல் என்று இளங்கோவடிகள் கணக்குச் சொல்கிறார். அதோடு விடாமல், அந்த அரங்கில் மூன்று வகைத் திரைகள் இருந்ததையும் சொல்கிறார். அந்தக் காலத்தில் திரைக்கு 'எழினி' என்று பெயர். காட்சி என்று ஒன்று இருந்தால், அதற்கு ஓர் அளவு வேண்டும். அதை மூடித் திறக்க ஒரு திரையும் வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்!

கதவு வைத்த டி.வி.!

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி. அன்றைக்குத் தெருவுக்கு ஒரு டி.வி. இருந்தாலே பெரிது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அந்த ஒரு வீட்டில் தெருவே கூடும். 'டயனோரா', 'சாலிடேர்' என்று நம் சென்னையிலேயே தயாரான பெட்டிகள் அவை. மரப்பெட்டிக்குள் டி.வி. இருக்கும், முன்னால் இழுத்து மூடும் கதவு இருக்கும், சிலவற்றில் பூட்டும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுப் பெரியவர் எழுந்து போய்க் கதவை மூடிவிடுவார். அதன் தலையில் ஒரு பின்னல் துணி, துணியின் மேல் ஒரு கண்ணன் பொம்மை!

1987-ல் 'ராமாயணம்' தொடர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து டி.வி.க்கு மாலை போட்டவர்களும் கற்பூரம் காட்டியவர்களும் நாடெங்கும் இருந்தார்கள். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு, டி.வி. என்பது வசதியின் அடையாளமாக இருந்த காலம் முடிந்தது. குடிசையிலும் படம் ஓடியது. 2020-ல் ஊரடங்கின்போது அதே பழைய 'ராமாயண'த்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆக, டி.வி.யைத் தீய சக்தி என்று ஒதுக்க முடியாது. அது நம் வீட்டுக்குள் ஸ்ரீராமனையும் கொண்டுவந்தது. மாமியாருக்கு மருமகள் விஷம் வைக்கும் கதையையும் கொண்டுவந்தது. எது வருகிறது என்பது, கதவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

'தேவையா, ஆசையா?' போதுமா?

எதை வாங்கப் போனாலும், 'இது தேவையா, ஆசையா என்று கேட்டுப் பார்' என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், இதை வைத்துக்கொண்டு உண்மையில் முடிவெடுத்துப் பாருங்கள்... சிக்கல் புரியும்.

ஃப்ரிட்ஜ் ஒரு காலத்தில் ஆடம்பரம். இன்று அது இல்லாவிட்டால் தோசை மாவு புளித்துப் போகும். மிக்ஸியும் அப்படித்தான். நேற்றைய ஆசை இன்றைய தேவையாகிவிடுகிறது. இன்னொரு பக்கம் பாருங்கள். கண்புரை முற்றிய மாமியாருக்குச் சின்ன டி.வி.யில் எழுத்தும் தெரிவதில்லை; முகமும் தெரிவதில்லை. வெளியில் நடமாட முடியாத அவருக்கு உலகத்தைக் காட்டுவது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அவருக்குப் பெரிய திரை ஆடம்பரமா? பகலெல்லாம் உழைத்த பெண்மணி, இரவு ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்து பார்க்கிறார். அவருக்கு அந்த ஓய்வு தேவையா, ஆசையா?

மனம் ஒரு கெட்டிக்கார வக்கீல். எந்த ஆசைக்கும் 'தேவை' என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடும்! ஆகவே, வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். எது அளவு? யாருடைய பங்கு? கதவை யார் சாத்துவது?

முதல் கேள்வி: எது அளவு?

திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசன் தன் படை பலத்தையும் பகைவன் பலத்தையும் எடை போடச் சொல்லும் அதிகாரம் அது. அதற்குள்ளேயே, வரவுக்குள் செலவு அடங்க வேண்டும் என்ற குடும்பக் கணக்கையும் வள்ளுவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். போர்க்களமும் பட்ஜெட்டும் அவருக்கு ஒன்றுதான் போலும்! தன் அளவு தெரியாதவன் இரண்டிலும் தோற்பான்.

டி.வி.யின் அங்குலக் கணக்கு நம்மை ஏமாற்றும். 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. 32-க்கும் 55-க்கும் 23 அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால், பரப்பளவில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. அகலம் 4 அடி, உயரம் இரண்டேகால் அடி. ஒரு ஜன்னல் அளவு! குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணுக்கு இதம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 55-க்கு 7 அடி, 65-க்கு 8 அடி வேண்டும். பத்தடிக் கூடத்தில் சோபாவே மூன்றடியை எடுத்துக்கொள்கிறதே! மீதியை அளந்து பாருங்கள். கடைக்குப் போகும் முன் கையில் எடுக்க வேண்டியது பர்ஸ் அல்ல, டேப்!

கடையில் இன்னொரு மயக்கம் இருக்கிறது. அங்கே எல்லா டி.வி.களையும் கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் 75 அங்குலம் மாட்டியிருந்தால், 43 அங்குலம் கைக்குழந்தை போலத் தெரியும். வீட்டுக்கு வந்தால் அதே 43, நம் சுவரில் போதும் போதும் என்று நிறைந்திருக்கும். ஒப்பிடுகிற இடத்தில் நின்றுகொண்டு எது போதும் என்று முடிவு செய்ய முடியாது. இது டி.வி. கடைக்கு மட்டுமா பொருந்தும்? அடுத்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டை அளந்தால், நம் வீடு என்றைக்கும் சின்னதுதான். பிறர் பொருள் மேல் கண் வைக்காமையை 'வெஃகாமை' என்று ஒரு தனி அதிகாரமாகவே வள்ளுவர் வைத்தார். 'எடுத்துக்கொள்ளாதே' என்று மட்டும் சொன்னால் போதாது, ஆசையோடு பார்க்கிற பார்வையிலேயே வினை தொடங்கிவிடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விலைக் கணக்குக்கு வருவோம். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால், விலை குறைந்தது என்பது வாங்குவதற்குக் காரணம் ஆகாது. வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் அது லாபம். மற்றவர்களுக்கு அது தூண்டில்!

'வட்டியே இல்லாத தவணை' என்கிறார்களே? வட்டி இல்லாமல் யாரும் கடன் கொடுப்பதில்லை. 'பூஜ்ய சதவிகித வட்டி' என்று ஒன்று கிடையாது என்பதை 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவாகச் சொன்னது. அந்த வட்டி, நமக்குக் கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ, முன்பணமாகப் பிடிக்கும் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். கடைக்காரரிடம், "மொத்தப் பணமும் இப்பவே கொடுத்தா எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும்.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய டி.வி. ஒன்று 120 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால், பில் அடுத்த படிக்கு ஏறுகிற எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அது தெரியும்!

இரண்டாம் கேள்வி: யாருடைய பங்கு?

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, தோழியரே. ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த எந்த வீடாகவும் அது இருக்கலாம்.

மாதம் 4,000 ரூபாய் தவணை, 12 மாதம். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். டி.வி. வந்தாயிற்று. சுவரில் மாட்டி, ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் படமாக முருகன் பாட்டு போட்டாயிற்று. அதே மாதம், வீட்டு வேலை செய்யும் பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "அம்மா, ரெண்டு வருஷமா அதே சம்பளம்தாம்மா... ஒரு முந்நூறு ரூபா சேத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்." பதில் என்ன? "இந்த மாசம் ரொம்பக் கஷ்டம்மா. தீபாவளிக்குப் பார்க்கலாம்." சொன்னதில் பொய் இல்லை. உண்மையிலேயே அந்த மாதம் கஷ்டம்தான். ஆனால், அந்தக் கஷ்டம் சுவரில் நாலடி அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்மணிதான் தினமும் அதைத் துணி வைத்துத் துடைக்கிறார்.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவருடைய முந்நூறு ரூபாயை எடுத்து டி.வி. வாங்கவில்லை. ஆனால், கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்தால், தவணைக்காகச் சுருங்கிய வரிகளில் அவருடைய சம்பளமும் ஒன்று. கூடத்தில் உட்கார்ந்து வீட்டார் முடிவெடுத்தபோது அவர் அங்கே இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை.

தியாகம் உயர்ந்தது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால், தியாகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நம்முடையதைத்தான் நாம் தியாகம் செய்ய முடியும். அடுத்தவருக்குச் சேர வேண்டியதை நாம் விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் தியாகம் அல்ல. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் தொகை, வேலை செய்பவரின் கூலி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த பணம்... இவை நம் கையில் இருக்கலாம், நம்முடையவை அல்ல. கோயில் உண்டியல் சாவி தர்மகர்த்தாவிடம் இருப்பதைப் போலத்தான்!

'சரி, அடுத்தவர் பங்கைத் தொடவில்லை. என் பங்கைத்தான் விட்டுக்கொடுத்தேன்' என்கிறீர்களா? அதையும் பேசத்தான் வேண்டும். ஏனென்றால், நம் வீடுகளில் எப்போதும் முதலில் சுருங்குவது அம்மாவின் பங்குதான். கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாக வலி. 'ரூட் கேனால்' செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அது கிடக்கு, கிராம்பு வெச்சா சரியாயிடும். பிள்ளைங்க ஆசைப்படுது, முதல்ல டி.வி. வாங்கிடலாம்" என்று அம்மாவே சொல்லிவிடுகிறாள். கணவரும் பிள்ளைகளும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். வலியைச் சொல்லாத அம்மா நல்ல அம்மா என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

இது உங்களுடையது, நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். இதில் யாருக்கும் அநியாயம் இல்லை என்று தோன்றும். ஆனால், உடம்பைக் கோயில் என்றார் திருமூலர். கோயிலின் சுவர் விரிசல் விட்டிருக்க, கோபுரத்துக்குச் சீரியல் விளக்கு போடும் அறங்காவலரை நாம் மெச்சுவோமா? அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். 'அம்மாவின் வலி தள்ளிப்போடக் கூடியது' என்று மகன் கற்றுக்கொள்கிறான். நாளை தன் மனைவியிடமும் அப்படியே இருப்பான். 'என் வலி தள்ளிப்போடத் தக்கது' என்று மகள் கற்றுக்கொள்கிறாள். நாளை அவளும் கிராம்பைத் தேடுவாள். நீங்கள் விட்டுக்கொடுத்தது உங்கள் பங்கை மட்டும் அல்ல. உங்களைப் பார்த்து வளர்கிற பெண்ணின் பங்கையும் சேர்த்துத்தான்.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், 'இதற்காக எது தள்ளிப்போகிறது, அது யாருடையது?' என்று எழுதிப் பாருங்கள். எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொருவருடைய பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது, எல்லோரும் தெரிந்தே சம்மதிக்கிறார்கள் என்றால், தாராளமாக வாங்குங்கள். அதில் ஓர் அழகுகூட இருக்கிறது. ஒரே ஒருவருடைய பங்கு மட்டும், அதுவும் சத்தமில்லாமல் கரைகிறது என்றால், ஆறு மாதம் பொறுங்கள். டி.வி. எங்கேயும் ஓடிவிடாது!

மூன்றாம் கேள்வி: கதவை யார் சாத்துவது?

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் ஓர் அவதூதரின் கதை வருகிறது. யது மன்னன் அவரிடம், 'எதுவும் இல்லாமல் இவ்வளவு ஆனந்தமாக இருக்கிறீர்களே, உங்கள் குரு யார்?' என்று கேட்கிறான். அவர் இருபத்து நான்கு குருமார்களைச் சொல்கிறார். பூமி, காற்று, கடல், தேனீ என்று போகும் அந்த வரிசையில் விட்டில்பூச்சியும் மானும் இருக்கின்றன. விட்டில்பூச்சி, தீபத்தின் ஒளியைக் கண்டு மயங்கி விழுகிறது. கண்ணால் அதற்கு அழிவு. மானோ வேடனின் இசைக்கு மயங்கி நிற்கிறது. காதால் அதற்கு அழிவு. ஒரே ஒரு புலனால் கெட்டவை அவை. நம் கூடத்துச் சுவரிலோ ஒளியும் ஒலியும் சேர்ந்தே இருக்கின்றன!

தீபத்தின் மேல் குற்றம் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதே தீபத்தைத்தான் நாம் அந்தியில் ஏற்றி வணங்குகிறோம். விலகத் தெரியாததுதான் விட்டிலின் பிழை.

விலகக் கற்றுக்கொடுப்பதில் நம் கோயில்களை மிஞ்ச ஆளில்லை. அலங்காரம் நடக்கும்போது சன்னிதியில் திரை போடுகிறார்கள். நைவேத்தியத்துக்கும் திரை. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்துகிறார்கள். இரவு பள்ளியறை பூஜை முடிந்தால், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் மறுநாள் காலைதான். சாட்சாத் இறைவனின் தரிசனத்துக்கே நேரம் வகுத்திருக்கிறார்கள்! அந்தத் திரை விலகும் கணத்தில், மணியோசையோடு தீபாராதனை காட்டும்போது நமக்குச் சிலிர்க்கிறதே... அந்தச் சிலிர்ப்பில் பாதி, அதுவரை காத்திருந்ததால் வந்தது.

காஞ்சிபுரம் அத்திவரதரை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகள் அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள் இருந்துவிட்டு, 2019-ல் வெளியே வந்தார். 1979-க்குப் பிறகு அப்போதுதான்! எத்தனை லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள்! இனி 2059-ல்தான் தரிசனம். தினமும் காணக் கிடைத்திருந்தால் அந்தக் கூட்டம் வந்திருக்குமா? மறைந்திருப்பதும் காட்சியின் ஒரு பகுதிதான்.

அன்று டி.வி.க்குக் கதவு இருந்தது. ஒளிபரப்புக்கும் நேரம் இருந்தது. இரவில் நிகழ்ச்சிகள் முடிந்துவிடும். அதாவது, அவர்களே நடை சாத்திவிடுவார்கள்! இன்றைய தட்டை டி.வி.க்குக் கதவும் இல்லை; ஓடும் படங்களுக்கு முடிவும் இல்லை. ஒரு பகுதி முடிவதற்குள் அடுத்த பகுதி தானாகவே தொடங்கிவிடுகிறது. ஆகவே, சாத்தும் வேலை முழுக்க நம் கைக்கு வந்துவிட்டது. திரை எவ்வளவு பெரிதோ, சாத்துவதற்கு அவ்வளவு உறுதி வேண்டும். 'இந்த வீட்டில் இதை யார் நிறுத்துவார்?' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், 55 அங்குலம் மட்டும் அல்ல, 32 அங்குலமே பெரிதுதான்!

டி.வி.யில் தரிசனம் செய்தால் புண்ணியம் உண்டா?

நம் வாசகியர் பலரும் கேட்கும் கேள்வி இது. திருவண்ணாமலையில் மகா தீபம், மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம், ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு... எல்லாம் நேரடி ஒளிபரப்பில் வருகின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008-ல் தனியாக ஒரு சேனலையே தொடங்கியது. பெரிய திரையில் பார்க்கும்போது, நேரில் போனால்கூடக் கிடைக்காத அருகாமை கிடைக்கிறது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது வரப்பிரசாதம். இதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். திருவண்ணாமலையில் அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளிச் சில நிமிடங்களே காட்சி தருவார். அந்த நிமிடத்தில் நீங்கள் எழுந்து நின்று கைகூப்புகிறீர்களா? அல்லது, வெங்காயம் நறுக்கியபடி, 'ம்... வந்துட்டார்' என்று சொல்லிவிட்டு, விளம்பரம் வந்ததும் அடுத்த சேனலுக்குப் போகிறீர்களா? எழுந்து நின்றால் உங்கள் கூடமும் கிரிவலப் பாதைதான். இல்லையென்றால், மலையை எத்தனை அங்குலத்தில் காட்டினாலும் அது வெறும் படம்தான். பக்தியின் அளவு, திரையின் அளவில் இல்லை!

பெரிய திரைக்காக ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. 'டி.வி. வந்து குடும்பத்தைக் கெடுத்தது' என்று முன்பு சொன்னோம். இன்று நிலைமை என்ன? அப்பா ஒரு மூலையில் செல்போன், மகள் ஒரு மூலையில் செல்போன், மகன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனி உலகம். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரை! இந்த நிலையில், எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே காட்சிக்குச் சிரித்து, ஒரே பந்துக்குக் கத்துவது என்பது அரிதாகிவிட்டது. அதற்கு ஒரு பெரிய திரை உதவுமானால், அதை 'கெடுதல்' என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் தெருவைக் கூட்டிய பொருள், இன்று குடும்பத்தையாவது கூட்டட்டுமே!

ஆனால், அந்தக் காரணத்துக்காக வாங்கினால், அந்தக் காரணத்துக்கு உண்மையாகவும் இருக்க வேண்டும். டி.வி. கூடத்தில்தான் இருக்க வேண்டும்; படுக்கையறைக்குப் போகக் கூடாது. அது ஓடும்போது கையில் செல்போன் இருக்கக் கூடாது. ரிமோட் ஒருவரின் சொத்தாக இருக்கக் கூடாது. திங்கள் பாட்டிக்கு, செவ்வாய் பிள்ளைகளுக்கு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் உங்களுக்கும் ஒரு நாள் இருக்கட்டும். மறந்துவிடாதீர்கள்!

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், இன்னும் சில. நவராத்திரி கொலுப்படிக்கு வழக்கமாக எந்தச் சுவரை ஒதுக்குவீர்களோ, அந்தச் சுவரில் டி.வி.யை மாட்டாதீர்கள். ஒன்பது நாளும் பொம்மைகளுக்குப் பின்னால் அது மின்னிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? பூஜையறை வாசலுக்கு நேர் எதிரிலும் வேண்டாம். விளக்கின் முன் உட்கார்ந்தவரின் காதை அது இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தி விளக்கு ஏற்றும் நேரத்தில் அரைமணி நேரம் அணைத்துவிடுங்கள். பழைய மரக்கதவுக்குப் பதிலாக, உங்கள் கையாலேயே ஒரு துணித்திரை தைத்துப் போடுங்கள். இளங்கோவடிகள் சொன்ன எழினி! இரவு அதை இழுத்து மூடும் பொறுப்பை வீட்டின் சின்னக் குழந்தையிடம் கொடுங்கள். 'நடை சாத்தியாச்சு' என்று குழந்தை சொன்னால், அப்பாவும் மறுபேச்சு இல்லாமல் எழுந்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அந்தப் பெண்மணிக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுங்கள். பிறகு, இந்தக் கார்த்திகை தீபத்தன்று மாலை அவரையும் அவர் பிள்ளைகளையும் கூடத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லோருமாக அண்ணாமலையார் தீபத்தைப் பாருங்கள். ஆளுக்கு ரெண்டு பொரி உருண்டை கொடுங்கள். தீபம் ஏறியதும் டி.வி.யை அணைத்துவிட்டு, வாசலில் உங்கள் அகல் விளக்கை ஏற்றுங்கள்.

அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது, வாங்கியது சரியா, தவறா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்!